கோரைக்கு விட்ட பன்றிகள்

பூச்சட்டியில் முளைத்த கோரையை இழுத்தேன். புல் கையோடு வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. விரலில் ஒட்டிய அதன் காரமான வாசம் என்னை எங்கள் ஊரான தன்னாமுனைக்குக் கொண்டுபோனது.

அறுபதுகளில் அங்கே எங்கள் மிளகாய்த் தோட்டம் முழுக்கக் கோரை. அம்மா நாள் முழுக்கக் குந்தியிருந்து, கிழங்கு கிழங்காகத் தோண்டி வெயிலில் காயப்போடுவார்.

“இப்பிடித் தோண்டி எப்ப முடியிற?” என்று அப்பா ஒருநாள் உழவு மெசினைக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் தோட்டம் சுத்தமாகிவிட்டது. அப்பா பெருமையோடு தேத்தண்ணி குடித்தார்.

பிறகு மழை பெய்தது. மெசின் சிதறடித்த கிழங்கெல்லாம் தனித்தனியே முளைத்து, முன்னதைவிட அடர்த்தியாகக் கோரை எழுந்தது.

“நல்லா விதைச்சிருக்கிறீங்க,” என்றார் அம்மா.

மறுநாளே அம்மா, மாமா வீட்டுப் பன்றிகளைக் கொண்டுவந்து தோட்டத்துக்குள் விட்டார்.

“பண்டியா? ஆக்கள் சிரிக்கப்போறாங்க!” என்று அப்பா கத்தினார்.

“சிரிக்கிறவங்க வந்து புல்லுப் பிடுங்கித் தருவாங்களா?”

பன்றிகள் மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளைத் தேடித் தின்றன. மிச்சத்தை அம்மா தோண்டினார். பிறகு நட்ட மிளகாய் அந்த முறை நன்றாகக் காய்த்தது.

அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் பன்றி கேட்டு வந்தார்.

“எல்லாம் என்ட யோசனைதான்,” என்றார் அப்பா.

அம்மா நின்ற குசினிக்குள் பானை மூடி ஒன்று படாரென்று விழுந்தது.