உருண்டையின் பத்தியமும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்

அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர். பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைத் துடைக்கும் முன் விசாரணை ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், உருண்டை என்கிற அவருடைய நாய் வந்து காலைச் சுற்றினால் மட்டும் வெண்ணெயாக உருகிவிடுவார்.

அந்த உருண்டைக்குத்தான் வயிற்றுப்போக்கு. மற்றபடி ஓட்டமும் வாலாட்டமும் குறையவில்லை. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

"பயப்படாதீங்க. சோத்தைக் குழைய வேகவச்சு, தோலில்லாத கோழி கொஞ்சம் சேர்த்துக் குடுங்க. உப்பு, காரம், எண்ணெய் கூடாது. தண்ணி எப்பவும் இருக்கட்டும். நம்ம மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க. வாந்தி எடுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, சுருண்டு படுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு நாள் பார்ப்போம்."

பத்தியம் தொடங்கியது. காலையில் தேவலாம் போலிருக்கும். சாயங்காலத்துக்குமேல் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். மருத்துவர் சொன்ன ரெண்டு நாளுக்கு நாளைக் காலைதான் கெடு. பத்து வயது நாய், ஏதாவது ஆகிவிட்டால்? ஓட்டுநர் பிஸ்கட் அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கீழே வைத்தார், குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"பிஸ்கட் அலமாரிச் சாவி என் சட்டைப்பையில இருக்கு. அப்படியும் யாரோ திருட்டுத்தனமா ஊட்டறீங்க. யாருன்னு இப்பவே தெரியணும்!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள்தான் சொன்னாள்: "அப்பா, கொஞ்சம் கீழ பாருங்க."

உருண்டை டப்பாவுக்குள் தலையை விட்டு, குழம்பில் பிசைந்த கடைசிக் கவளத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தது. பத்து வருடமாகத் தினமும் நடப்பதுதான். ஓட்டுநர் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அடப்பாவி! இது டப்பா கழுவறதுன்னு இல்ல நினைச்சேன்? சாப்பாடுன்னே தோணலையே!" என்று தரையில் உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. அன்று இரவு அவருக்கும் உப்பில்லாத சோறுதான் என்று மனைவி தீர்ப்பளித்தாள். அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை தெருமுனை மரத்தடியில் உருண்டையோடு, சீருடையில் நின்று கத்தினார்: "கெட்டியா போயிருக்கு! ஏய், கெட்டியா போயிருக்கு!"

நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. மனைவி மாடியிலிருந்து கைதட்டிச் சிரித்தாள். மருத்துவரிடம் சொன்னபோது, அவரும் சிரித்துவிட்டு, வழக்கமான சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார்.

அன்று சாயங்காலம் டப்பா பணிமனைக் குழாயிலேயே கழுவி வந்திருந்தது. உருண்டை அதை மூன்று சுற்று சுற்றி மோந்தது. பிறகு நிமிர்ந்து, இன்ஸ்பெக்டரை ஒரு சந்தேகப் பார்வை பார்த்தது.