படிவத்தில் அடித்து எழுதிய சொல்

என் தம்பி வேலை பார்த்த வெளிநாட்டில் போர் மூண்டது. அவன் காணாமற்போய் மூன்றாண்டுகள் கழித்து அங்கே ஒரு பொதுப் புதைகுழி தோண்டப்பட்டது. இறந்தவர்களை அடையாளம் காண்பதற்காக உறவினரின் இரத்தமும், விவரப் படிவம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். பெற்றோர் காலமாகிவிட்டனர், தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. இரத்தத்தை நான் கொடுத்தேன். ஓர் உடன்பிறந்தாரின் இரத்தத்தை மட்டும் கொண்டு ஐயமறச் சொல்ல இயலாது, படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள் என்றார் மருத்துவர்.

முப்பதாண்டுகள் கல்லூரியில் பாடம் சொன்னவன் நான். எழுத்தில் பிழை விடுவதில்லை. ஆயினும் 'பொய்ப்பல்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். தம்பியின் முன்பற்களில் ஒன்று கட்டுப்பல். பெண் பார்க்கப் போனபோது அதைச் சொல்ல வேண்டாமென்று தீர்மானித்தவனும் நானே. இப்போது அவன் மனைவியும் கையெழுத்திட வேண்டிய தாளில் அதை எப்படி எழுதுவது?

சுசீந்திரத்தில் அவள் பெற்றோர் வீட்டில் படிவத்தைக் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தாள்.

"அத்தான், இதென்ன? பொய்ப்பல்லு இல்லன்னு எழுதி வச்சிருக்கிய?"

படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளே எனக்குத் தெரியும். ராத்திரி பல்லக் களத்தி டம்ளருல போடுவாவ. 'அண்ணன்ட்ட காட்டிக்கிடாத, வெசனப்படுவாரு'ன்னு அவியதான் சொன்னாவ." சிரித்தவளின் குரல் சட்டென்று உடைந்தது. "உங்க வீட்டு கவுரவத்துக்காவ அவிய அங்கின பேரில்லாம கெடக்கணுமா?"

அலமாரியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே உடைந்த பழைய கட்டுப்பல். கடைசியாக ஊருக்கு வந்தபோது, வடசேரிப் பல் மருத்துவர் அதே அச்சில் புதியது செய்து கொடுத்திருக்கிறார். நான் 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். டப்பாவும் படிவத்தோடு போயிற்று.

மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. எலும்பின் மரபணு என் இரத்தத்தோடு ஒத்திருந்தது. மேல்தாடையில் கிடந்த கட்டுப்பல்லின் கம்பி வளைவு, பழையதனோடு பொருந்தியிருந்தது. நான் ஒருபோதும் பார்க்கப்போகாத யாரோ, மண்ணைக் கழுவி, அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

தம்பியின் எலும்புகள் ஊர் வந்து, தேவாலயத்தில் நடந்த அடக்க ஆராதனையில் நன்றி சொல்லும் பொறுப்பு என்னுடையது. முதல் வரிசையில், பெண் பார்க்கப் போன அன்று நான் பல்லைச் சொல்லாமல் மறைத்த தம்பி மனைவியின் தகப்பனார் அமர்ந்திருந்தார். முகமறியாத அந்தக் கைகளுக்கு நன்றி சொன்னேன்; தம்பியின் மனைவிக்கு நன்றி சொன்னேன். பிறகு, சபையார் அனைவரும் கேட்கும்படி, எந்தப் பல்லால் என் தம்பி வீடு வந்து சேர்ந்தான் என்பதையும் சொன்னேன்.