பச்சை எழுத்தில் வந்த விமானம்

விமானத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்னர் காதால் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் தொழில். திரை சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு நெஞ்சிடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெட்கப்படுங்கள்.

தொலைபேசி ஓய்ந்தது

யாழ்ப்பாணத்தின் வடகரையில் ஒரு சிறிய விமான நிலையக் கோபுரத்தில் நான் கட்டுப்பாட்டாளர். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விமானம் முதலில் தெற்கே பெரிய நிலையத்தில் இருக்கும் செல்வம் அண்ணையின் பொறுப்பில் இருக்கும். கிட்ட வந்ததும் அவர் தொலைபேசியில் அழைத்து, எந்த விமானம், என்ன உயரம் என்று சொல்லுவார். நான் திருப்பிச் சொல்லுவேன். அதோடு அது என் பொறுப்பு.

புதிய கணினி வந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்த, நான் ஒன்றை அழுத்த, திரையில் விமானத்தின் பெயர் வெள்ளையிலிருந்து பச்சையாகும். கைமாறிவிட்டது என்று அர்த்தம். விமானியை என் அலைவரிசைக்கு மாறச் சொல்வது மட்டும் இன்னும் அண்ணையின் வாயால்தான். கடைசியாக அழைத்த அன்று அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னார்: "இனி நாங்கள் கதைக்கத் தேவையில்லை, தங்கச்சி. மெசினும் மெசினும் கதைக்கும்."

யாரிடமும் இல்லாத இரண்டு நிமிடம்

ஒரு காலை, சென்னையிலிருந்து வந்த விமானம் பச்சையானது. விமானி என் அலைவரிசைக்கு மாறிக் கூப்பிடுவார், அப்போது மேலும் இறங்காமல் அதே உயரத்தில் பறக்கச் சொல்லலாம் என்று நினைத்து, ஒரு சிறிய பயிற்சி விமானத்தை மேலே ஏறவிட்டேன். விமானி கூப்பிடவில்லை. நானும் பச்சையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. பிறகு நானே கூப்பிட்டேன். பதில் இல்லை, திரையில் அதன் உயரம் மட்டும் சின்ன விமானத்தை நோக்கிக் குறைந்துகொண்டே வந்தது.

சின்ன விமானத்துக்கு மேலும் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் தூக்கினேன். "அண்ணை, அவர் இன்னும் உங்கடை அலைவரிசையிலை! உடனை கடல் பக்கம் திருப்புங்கோ!"

திருப்பினார். விமானியை மாறச் சொல்ல அவர் மறந்திருந்தார்; ஏன் குரல் இல்லை என்று கேட்க நான் மறந்திருந்தேன். இரண்டு விமானங்களும் விலகின. பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார்: "உன்னட்டை வந்திட்டுது எண்டுதானே இஞ்சை காட்டினது, தங்கச்சி."

இடது பக்க ஜன்னல்

நடந்ததை இருவரும் அப்படியே மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தோம். இப்போதெல்லாம் எது பச்சையானாலும், விமானியின் குரல் கேட்கும்வரை நான் எதையும் ஏறவிடுவதில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் நீர்வேலிக் கிராமத்துக்கு வாழைக்குலை வாங்கப் போனேன். தோட்டக்காரர் சிவலிங்கம், சென்னையில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு அதே விமானத்தில்தான் வந்திருந்தார். என் வேலை அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பிள்ளை, உங்கடை ஆக்களுக்கு நன்றி சொல்லோணும். இறங்க முதல் ஒரு சுத்துச் சுத்திக் காட்டினவை. இடது பக்க ஜன்னலாலை, கடற்கரையிலை கீரிமலைக் கேணி என்ன வடிவாய்த் தெரிஞ்சுது!"

திட்டு வாங்கினால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்; நன்றி வாங்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.