அம்சவல்லி தேடிய வெள்ளைத் தூள்

மரக்காணம் உப்பளக் கரையில் சாய்த்து நிறுத்திய சட்டங்களில் விமானத் தகடுகள் வெயில் காய்கின்றன. உப்புக் காற்று எந்தப் பூச்சை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காக. அவற்றைக் கவனித்துக்கொள்பவள் அம்சவல்லி. புதுச்சேரியில் டிப்ளமோ, சென்னையில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் உதவியாள் வேலை, கல்யாணம், பிள்ளைகள். இத்தனைக்கும் பிறகு அன்றைக்குத்தான் பரீட்சை. ஒவ்வொரு தகட்டிலும் என்ன வகை அரிப்பு, எவ்வளவு தீவிரம் என்று சரியாகச் சொன்னால் ஆய்வாளர் முத்திரை கிடைக்கும். இல்லையென்றால் மறுபடி உதவியாள்தான்.

காலையில் வந்தவள் ஒவ்வொரு தகடாகக் குனிந்து பார்த்தாள். தகடுகள் பளபளத்தன.

"யாரு இத தொட்டது?"

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கணவன் கன்னியப்பன் பெருமையாக நிமிர்ந்தான். "நாந்தான். பெரிய சார் வர்றாரு, ஒரே உப்பா பூத்துக் கெடந்துச்சு. நல்லா தொடச்சிட்டேன்."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மண்வெட்டியோ பம்ப்செட்டோ சைக்கிளோ, வெள்ளையாகத் தெரிந்தால் துடைத்துவிட்டுத்தான் உப்பளத்துக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

"யோவ், அது உப்பில்லய்யா! அலுமினியம் அரிச்சா வர்ற தூளு! அத வெச்சுதான் எங்க அரிக்குதுன்னே கண்டுபுடிப்போம்!"

"இன்னாடி சொல்ற... வேணும்னா கொஞ்சம் உப்ப தூவி வுடட்டா?"

அவள் பதில் சொல்வதற்குள் கார் வந்துவிட்டது. தேர்வாளர் விஜயகுமாரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. "தூள தொடச்சிட்டாங்க சார்."

"தகடு இருக்குதில்லம்மா? அத பாத்து சொல்லுங்க."

முதலில் பார்த்த தகடுகளிலெல்லாம் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. குழி அரிப்பு, லேசானது என்று கடகடவெனச் சொல்லிவிட்டாள். கடைசித் தகட்டில் ஒன்றுமே இல்லை. 'அரிப்பில்லை' என்று வாய்வரை வந்துவிட்டது. இருந்தும் கன்னியப்பனின் துண்டைப் பிடுங்கித் வெயில் படாதபடி தலைக்கும் தகட்டுக்குமாகப் போர்த்தி, டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். தகட்டில் அறைந்திருந்த ஒரு ரிவெட் ஆணியைச் சுற்றி வளையமாக நிழல்! உலோகம் அங்கே புடைத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், விளிம்பு பரோட்டாபோல ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது.

துண்டுக்குள்ளிருந்தே கத்தினாள். "சார்! அடுக்கு அரிப்பு! உள்ளேர்ந்து உரிஞ்சிக்கினு வருது! தேய்ச்சு சரிபண்ற கட்டம் தாண்டிடுச்சு, தீவிரம்!"

விஜயகுமாரும் துண்டுக்குள் தலையை நுழைத்தார். வெளியே வந்தவர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அறிக்கை எழுதும்போது கன்னியப்பன் எட்டிப் பார்த்தான். "நான் தொடச்சதும் எழுதணுமா?"

"பின்ன? 'ஆய்வுக்கு முன் வெளியாள் ஒருவர் துடைத்துவிட்டார்.' எழுதியாச்சு."

"அடிப்பாவி, நான் வெளியாளா?"

"தகட்டுக்கு வெளியாளுதான்" என்று சொல்லி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.