மேடம் நிறுத்திவைத்த கையெழுத்து

டாக்டர் சுமித்ரா மேடம் காலமான செய்தியை நர்ஸ் போனில் சொன்னபோது, ஊதுபத்தி கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். பிறகு, "அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்குதே" என்று தொடங்கி, அவளும் சிரித்துவிட்டாள். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இன்று இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் அந்தச் சிரிப்பு தெரியும்.

காலையில் இதய ஆபரேஷன், மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடம் என்று ஓடிக்கொண்டிருந்தவர் அவர். மனிதருக்குப் பொருத்தும் பன்றி வால்வை இன்னும் பல வருடம் உழைக்கவைப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "ஆபரேஷனில் நான் தப்பு செய்யக் கூடாது. இங்கே செய்யலாம், அதனால்தான் ஓடி வருகிறேன்" என்று கன்னடத்தில் சொல்வார். தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது.

அம்மாவுக்கு வால்வு கெட்டு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கட்டட வேலைக்குத் தர்மபுரியிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த அவளுக்குக் கன்னடத்தில் 'பன்னி' மட்டும்தான் தெரியும். 'வாங்க' என்று அர்த்தம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். பன்றி வால்வு என்றார் மேடம். அம்மா வேண்டாமென்று சொல்லிச் செத்துப்போவாளோ என்று பயந்து, "நல்ல வால்வாம்" என்று மட்டும் சொன்னேன். அம்மா கையெழுத்துப் போடப் போனாள். மேடம் தாளை இழுத்துக்கொண்டார்.

"நான் சொன்னதில் ஒரு பிராணி இருந்ததே, எங்கே போயிற்று?"

எல்லாம் கேட்காமல் போடும் கையெழுத்து தனக்கு வேண்டாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவிடம் தமிழில் "பன்னி" என்றேன். அழைக்கிறார்கள் என்று நினைத்து அம்மா எழுந்து, மேசையைச் சுற்றிப் போய் மேடத்தின் பக்கத்தில் நின்றாள்.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எங்களை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாய, ஒரு வால்வு திறந்து திறந்து மூடியது. அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பழுதானால் மறுபடி ஆபரேஷன் என்பது வரை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், செத்தும் வேலை செய்யுதே. சரி, வெக்கச் சொல்லு."

அதை மேடம் கன்னடத்தில் எழுதி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டிவைத்தார். அம்மா இப்போது மூன்று மாடி ஏறுகிறாள்.

தமிழ் நோயாளி வந்தால் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு தையல்காரரிடம், டாக்டர் சொன்ன பயமான வாக்கியத்தையும் சொன்னேன். மேடம் எனக்கு விட்டுப்போனது இதுதான்: ஒருவரின் உயிரைப் பற்றிய செய்தி அவருக்கே சொந்தம், நடுவில் நிற்பவள் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.