வெள்ளவத்தை எட்டு மணியும் கப்பல் எட்டு மணியும்

என் வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறார். தினமும் காலை எட்டு மணிக்கு அதிகாரி கப்பல் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது பெட்டியைத் திறந்து பிடிப்பதும் அவர் வேலைதான். “அந்த நேரம் உன்னை நினைப்பன், நீயும் என்னை நினை” என்று சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு மாதமாக, வெள்ளவத்தை நெசவாலையில் எட்டு மணிச் சங்கு ஊதியதும் அடுப்பில் எது தீய்ந்தாலும் கடற்கரையில் போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் சிறிய காட்சியறையில் அப்படிப்பட்ட கடிகாரம் ஒன்று ஓடுகிறதாம். அவர் கேட்கும் சத்தத்தை நானும் கேட்கவேண்டும் என்ற ஆசையில் போன வியாழக்கிழமை புறப்பட்டேன். எட்டு மணி ரயில் வண்டி எனக்குச் சரிவராது. ஒன்பது நாற்பது வண்டியில் மூன்றாம் வகுப்பு, பத்துச் சதம். கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷா, இரண்டு மைல், இருபத்தைந்து சதம்.

“மியூசியமா? செத்த ஆமையும் ஒரு கடிகாரமுந்தான் இருக்கு, இதுக்கா போறீங்கம்மா?” என்றார் ரிக்‌ஷாக்காரர். வழியும் தவறினார். பத்தரை மணி வெயிலில் அந்த மனிதருடன் நன்றாகச் சண்டை போட்டேன்.

கடிகாரம் கைப்பெட்டி அளவுதான். பித்தளை வளையங்களில் தொங்குவதால் கப்பல் எவ்வளவு ஆடினாலும் அது சாயாதாம். காட்சியறையைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் மூடியைத் திறந்தார். சுவரில் பதினொரு மணி, பெட்டிக்குள் ஐந்தரை.

“இது பழுதோ, மாஸ்டர்?”

“ஐயோ தங்கச்சி, இது இலண்டன் நேரம். கப்பல் எங்க போனாலும் இதை மாத்தமாட்டினம்.”

“அப்ப எட்டு மணிக்குச் சாவி குடுக்கிறது?”

“அது கப்பல் நிக்கிற இடத்து எட்டு. உங்கட அவர் இப்ப எங்க?”

“கடைசிக் கடிதம் ஏடனில இருந்து.”

“அங்க எட்டெண்டா இங்க பத்தரை.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் கடலைப் பார்த்து நின்ற நேரமெல்லாம் மனிதர் குறட்டை விட்டிருக்கிறார். அவர் என்னை நினைத்த நேரம் நான் தேங்காய் துருவியிருப்பேன், மீன்காரியுடன் விலை பேசியிருப்பேன். அன்றைக்கோ ரிக்‌ஷாக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கால் மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவரை உடனே பார்க்கவேண்டும் போல இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: வியாழக்கிழமை மட்டும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மூடியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், திறப்பார். வெள்ளவத்தையிலிருந்து எட்டு மணி வண்டிதான் நல்லது, வெயில் ஏறுமுன் போய்விடலாம்.

இந்த வியாழன் நானும் அதில்தான் போனேன். இனி எட்டு மணிக்கு எனக்கென்ன வேலை? வண்டி நகரும்போது ஆலைச் சங்கு ஊதியது. அவர் நித்திரை என்று தெரியும். ஆனாலும் இருந்த இடத்திலிருந்து எழுந்து, கடல் பக்கத்து யன்னலில் போய் நின்றுவிட்டேன்.