நீலக் கட்சிச் சித்தப்பா

அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில், காரில் போனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்றின் நிறம் சிவப்பு, மற்றதன் நிறம் நீலம். பெயர்களை எழுதலாம்தான். ஆனால் எந்தப் பெயரை முதலில் எழுதினாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் அதைக் கவனிப்பார். ஆகவே நிறங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிவப்பில் படித்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. நீலத்தில் படித்தவர் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. படிக்கப் போன இருவரும் படித்த ஊரிலேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டார்கள். படித்தது என்னவென்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனால் தங்கள் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அணி எந்த வருடம் யாரிடம் எத்தனை புள்ளியில் தோற்றது என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வருடத்தில் இரண்டு முறை இந்த இரண்டு அணிகளும் மோதும். தோற்ற பக்கத்துக்காரர் வென்ற பக்கத்தின் சட்டையைப் போட்டுப் படம் பிடித்துக் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் கீழ்ப்படிந்த அளவுக்கு வேறு எதற்கும் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருந்தோம். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. அக்கா அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை எழுதி முடித்திருந்தாள். அவளுடைய உயரம் ஆறு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கலியாண வீடுகளில் அன்ரிமார் அதைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். கூடைப்பந்து ஆடும் இடத்தில் ஒருவரும் கவலைப்பட்டதில்லை. மாநில அணிக்காக அவள் ஆடிய ஆட்டங்களின் வீடியோக்கள் எப்படியோ கடல் கடந்து போய், அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து பயிற்சியாளர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு இடம். சிவப்பும் நீலமும். இரண்டும் முழுப் புலமைப்பரிசில், அதாவது படிப்புச் செலவு முழுவதும், தருவதாகச் சொல்லின. நவம்பர் நடுவுக்குள் அக்கா முடிவு சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சட்டைகள் வந்து இறங்கின. மாமா அனுப்பியவை சிவப்பு, சித்தப்பா அனுப்பியவை நீலம். அம்மா கிழமை முறை வைத்து இரண்டையும் உடுத்தினார். அப்பா பஸ் ஓட்டுநரின் சீருடையைக் கழற்றவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது. என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் இரு பக்கத்துக்கும் உளவு பார்த்தேன்.

எங்கள் காலை அவர்களுக்கு முதல்நாள் மாலை. பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவின் ஐபாட்டில் இருவரோடும் கதைப்பேன். மாமாவை அழைத்தால் திரை முழுக்கத் தலைகள். மாமி கரண்டியோடு குறுக்கே போவார், மச்சான்மார் இருவரும் முகத்தைக் கமராவில் ஒட்டிக்கொண்டு கத்துவார்கள், நாய் குரைக்கும், பாதி கேட்காது. சித்தப்பாவின் திரையில் சித்தப்பா மட்டும் இருப்பார். நான் சொல்வதெல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். பள்ளியில் யார் யாரோடு கோபம் என்பதுவரை நினைவில் வைத்திருந்து அடுத்த நாள் விசாரிப்பார். அதனால் என் உளவுச் செய்திகளில் நல்லவை சித்தப்பாவுக்கே போயின.

ஒரு நாள் காலை அக்கா பல் தீட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் நேரடியாகக் கேட்டேன், நீலமா என்று. வாயில் நுரையோடு அவள் "ம்" என்றாள். ஐந்து நிமிடத்தில் அது சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

சித்தப்பா கதிரையிலிருந்து எழும்பி நின்றார். பிறகு, ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, போனைக் கையில் எடுத்து வீட்டுக்குள் நடந்தார். ஓர் அறையின் கதவைத் திறந்து காட்டினார். சுவருக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தது. நடுவில் ஒரு கட்டில். சாதாரணக் கட்டிலில் அக்காவின் கால் வெளியே நீட்டும் என்பதால் நீளம் கூடிய கட்டிலாகத் தேடி வாங்கியதாகச் சொன்னார். விடுதியில்தான் இருப்பாள், ஆனாலும் சனி ஞாயிறுகளில் வந்து நிற்க ஓர் இடம் வேண்டாமா என்றார். மேசை விளக்கைப் போட்டுக் காட்டினார், அணைத்துக் காட்டினார். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவர் அன்றைக்கே, நீல ரசிகர்கள் கூடிக் கதைக்கும் இணையத்தளத்தில், சிட்னிப் பெண் நீலத்துக்கு வருகிறாள் என்று எழுதிவிட்டார். மிக நம்பகமான இடத்திலிருந்து கிடைத்த தகவல் என்றும் சேர்த்திருந்தார். அந்த நம்பகமான இடம் அப்போது மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஒருவராலும் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. அக்காவின் போனுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நீலக்காரர்கள் இதயமும் பூவும் அனுப்பினார்கள். ஒரு கிழமை முன்புவரை அவளை வருக வருக என்று அழைத்த சிவப்புக்காரர்கள், அவள் மெல்லிசு, ஓடத் தெரியாது, அவுஸ்திரேலியாவில் ஆடுவதெல்லாம் ஓர் ஆட்டமா என்று எழுதினார்கள். நான் வாசிக்க, அம்மா தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவளை மெல்லிசு என்று எழுதிய மனிதருக்குப் பதில் போட வேண்டும், பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறாள் என்று பட்டியல் எழுது என்றார். அப்பா ஐபாட்டை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். மாமா அழைக்கவே இல்லை. சிவப்புப் பயிற்சியாளர் மட்டும் அக்காவை அழைத்து, நீ எதை முடிவெடுத்தாலும் நீயே என்னிடம் சொல், அது போதும் என்றாராம்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சனிக்கிழமை பின்னேரம், பந்தை எடுத்துக்கொண்டு வா என்றாள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிய பார்க்கில் ஒரு வளையம் இருந்தது. அவள் எறிவாள், நான் ஓடிப் பொறுக்கிக் கொடுப்பேன். நல்ல வெயில். நான் களைத்துத் தரையில் இருந்த பிறகுதான் கதைத்தாள்.

அவளுக்கு உயிரியல் படிக்க வேண்டும். ஆய்வுகூட வகுப்புகள் பின்னேரத்தில் நடக்கும். நீலத்தில் பயிற்சியும் அதே நேரம். பயிற்சியாளர் நல்ல மனுசி, ஆனால் பாடத்தை மாற்று என்கிறாள். சிவப்பில் மாற்றத் தேவையில்லை. இது அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

"பிறகு ஏன் 'ம்' எண்டனீ?" என்று கேட்டேன்.

"நீ போய்ச் சித்தப்பாட்டச் சொல்லுவாய் எண்டு தெரியும். அவர் ரெண்டு நாளாவது சந்தோசமா இருக்கட்டும் எண்டு நினைச்சன். அவர் ஊருக்கே சொல்லுவார் எண்டு யோசிக்கேல்லை."

"ஜஸ்ட் டெல் ஹிம்" என்றேன் நான். ஒன்பது வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் வழி தெரியும்.

பிறகு, சத்தியம் செய்ததெல்லாம் மறந்துபோய், ஆனால் அவர் நீளமான கட்டில் வாங்கி வைத்திருக்கிறாரே, அறைக்கு நீலம் அடித்திருக்கிறாரே என்றேன். அக்காவின் கையிலிருந்த பந்து நழுவி உருண்டு வேலிவரை போனது. அவள் அதை எடுக்கப் போகவில்லை, என்னையும் எடுக்கச் சொல்லவில்லை. "அம்மாவுக்கு இதைச் சொல்லாத" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விசயத்தை நான் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

முடிவு சொல்லும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு ஹோலில் மேசையைப் போட்டு அதன்மேல் சிவப்பொன்றும் நீலமொன்றுமாக இரண்டு தொப்பி வைத்தார்கள். தெரிந்தெடுத்த இடத்தின் தொப்பியை எடுத்துப் போட வேண்டும். அப்படித்தான் அமெரிக்காவில் செய்வார்களாம். அக்காவின் சிநேகிதி ஒருத்தி வீடியோ எடுத்தாள். ஐபாட்டில் ஒரு பக்கம் மாமா வீடு, மறுபக்கம் சித்தப்பா. அப்பா வேலைக்குப் போகும் சீருடையோடு கதவருகில் நின்றார். அக்கா இரண்டு தொப்பியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சிவப்பை எடுத்துத் தலையில் வைத்தாள். தலைமுடியைச் சரிசெய்யக்கூட இல்லை.

மாமா வீட்டில் நாய் உட்பட எல்லாரும் குதித்தார்கள். சித்தப்பா கை தட்டினார்.

"நல்லது பிள்ளை" என்றார். "நல்ல இடம் அது. நல்லாப் படிப்பிப்பினம்."

இருபது வருடமாக அந்த இடத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. பிறகு அவருடைய படம் அப்படியே நின்றுவிட்டது. லைன் உறைந்துவிட்டது என்று அம்மா சொன்னார். அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சொன்னால் அம்மாவுக்குக் குறுக்கே கதைத்ததாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அன்று மத்தியானமே இணையத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவளுக்கு ஓடத் தெரியாது என்று எழுதிய சிவப்புக்காரரே, இப்படி ஓடுகிற பெண்ணைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று எழுதினார். பூ அனுப்பிய நீலக்காரர்கள், மெல்லிசு என்று கண்டுபிடித்தார்கள். அம்மா இந்த முறை ஒருவருக்கும் பதில் போடச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்கா அடுத்த ஓகஸ்டில் போனாள். இரண்டு வருடம் நன்றாக ஆடினாள், மூன்றாம் வருடம் பெரும்பாலும் களத்துக்கு வெளியே வாங்கில் இருந்தாள், நான்காம் வருடம் திரும்பவும் ஆடினாள். உயிரியலை முடித்தாள். இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பெரிய ஆட்டக்காரி ஆகவில்லையே என்று அவள் வருந்தி நான் கேட்டதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது, அந்தத் தொப்பி நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஒரு கிழமையாக ஒரு விசயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சித்தப்பா தோற்றிருக்கிறார். சட்டப்படி அவர் சிவப்புச் சட்டை போட்ட படம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமாவிடம் கேட்டேன். அவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று நினைத்தேன். மாமியை அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "அது இந்த முறை தேவையில்லை பிள்ளை" என்றார். இதுவரை ஒரு தடவையும் விட்டுக்கொடுக்காதவர், வென்ற பிறகு விளையாட்டின் விதியை மாற்றுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அதனால் நானே சித்தப்பாவை அழைத்தேன்.

அவர் உடனே எடுத்தார். எங்கே சிவப்புச் சட்டை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஓம், அது உண்மைதான். சட்டம் சட்டம்தான்" என்று எழும்பிப் போனார். பழைய தோல்விகளுக்கு மாமா அனுப்பியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நீல அறையின் கட்டிலில் இருந்தார். கட்டில் விரிப்பில் ஒரு மடிப்பும் இல்லை. சட்டை அவருக்குச் சிறிதாகிப்போய் வயிற்றில் இறுகிப் பிடித்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்படித் திரும்புங்கள், அப்படித் திரும்புங்கள் என்று நான்கைந்து படம் எடுத்தேன். சொன்னபடியெல்லாம் திரும்பினார்.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டார், "அக்கா அங்கயிருந்து சனி ஞாயிறுகள்ல வர ஏலுமோ எண்டு ஒருக்காக் கேக்கிறியே? ஒவ்வொரு கிழமையும் வேண்டாம். நான் போய் ஏத்திக்கொண்டு வருவன், தூரமில்லை."

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அப்பாவின் கை வந்து ஐபாட்டை எடுத்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. அப்பா வீட்டுக்குள் இருந்து கதைக்கவில்லை. பின்வளவுக்குப் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று கதைத்தார். வேலைக்குப் பிந்துமே என்று அம்மா இரண்டு தரம் கதவடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பினார்.

அப்பா உள்ளே வந்ததும், படங்களை எல்லாருக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தோற்றதுக்குச் சித்தப்பாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டேன்.

"கோபமெண்டில்லை" என்றார் அப்பா. "அவன் அங்க தனிய இருக்கிறான், பிள்ளை."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமா வீட்டிலும் சில காலைகளில் மாமியும் மச்சான்மாரும் கடைக்குப் போயிருப்பார்கள், மாமா மட்டும் இருப்பார்.

"மற்ற ஆக்கள் எப்ப வருவினம்?" என்று கேட்டேன்.

அப்பா வேலைக்குப் போகக் கார்ச் சாவியைத் தேடினார். அது அவருடைய கையிலேயே இருந்தது.